தொண்டும் ஊழியமும் வளமும்: சிறு நிறுவனங்களின் ஆளணிப் பகிர்வு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

சொற்களின் வரலாறு சமுதாய உறவுகளின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்கத்தக்கதன்று. ஒரு சொல் எக்காலத்திற் புழக்கத்துக்கு வந்தது, எவர் அதனை வழங்கினர், எந்தப் பழஞ்சொல்லை அது ஒதுக்கிற்று என்னும் வினாக்களுக்கு விடை காண முயலும்போது, அச்சொல்லுக்குப் பின்னால் நிற்கும் மனிதரையும் நாம் காண நேர்கிறது. காவியங்களையும் நாவல்களையும் மாத்திரமே இவ்வாறு நோக்குதல் வேண்டும் என்று இலக்கிய ஆய்வாளர் தமக்கு எல்லை வகுத்துக்கொள்ளத் தேவையில்லை. நியமனக் கடிதமும், சம்பளப் பட்டியலும், உதவி வழங்குவோருக்கு அனுப்பப்படும் திட்ட விண்ணப்பமுங்கூட ஒரு காலத்தின் எழுத்துக்களே. அவற்றின் மொழியும் ஒரு கருத்துநிலையைத் தாங்கியே நிற்கிறது.

அத்தகைய எழுத்துக்களில் இன்று தவறாது இடம்பெறும் தொடர் 'மனித வளம்' என்பதாகும். சிறு இலாபநோக்கற்ற நிறுவனங்கள் தம்முள் மனிதவளச் சேவையைப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும் என்ற யோசனை அதனையொட்டி எழுந்ததாகும். நான்கைந்து ஊழியரை மட்டுமே கொண்ட ஒரு நிறுவனத்தால் ஆளணி அலுவலர் ஒருவரைத் தனியே அமர்த்த இயலாது. நியமனக் கடிதம் எழுதுதல், லீவுப் பதிவேடு பேணுதல், சேமலாப நிதிக்குப் பணம் அனுப்புதல், ஊழியரின் முறைப்பாட்டைக் கேட்டல் ஆகிய யாவும் செயலாளரின் தலையிலோ கணக்காளரின் மேசையிலோ வந்து குவிகின்றன. ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொண்டால் ஐந்தின் சுமையும் குறையும் என்பதே அந்த யோசனை.

இதனை நாம் எதிர்க்கவில்லை. ஆயின் இங்கு பகிரப்படுவது யாது என்ற வினாவை எழுப்பாது இதனை ஏற்றுக்கொள்ளவும் எம்மால் இயலவில்லை. ஒருவரின் உழைப்பு மட்டும் பகிரப்படுகின்றதா, அன்றி அவ்வுழைப்புக்குப் பதில் சொல்லவேண்டிய தொழில்தருநரின் பொறுப்பும் சேர்ந்தே பகிரப்படுகின்றதா? இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலேயே அந்த யோசனையின் தன்மை தங்கியுள்ளது.

2

முதலிற் சொற்களை நோக்குவோம். 'வளம்' என்பது தமிழில் நிலத்துக்கும் நீருக்கும் மலைக்கும் உரிய சொல்லாக வழங்கி வந்தது. வளம் என்பது எடுக்கப்படுவது, தோண்டப்படுவது, மிகுந்திருப்பின் கொண்டாடப்படுவது, வற்றினால் வேறிடத்திலே தேடப்படுவது. வளத்துக்கு உரிமையாளர் உண்டு, உரிமை இல்லை. மனிதரை வளம் என அழைக்கும்போது இந்தப் பொருட்சாயல்கள் யாவும் அவர்மேல் ஏறிவிடுகின்றன. இதற்கு முன்னர் எமது நாட்டில் வழங்கிய 'மனிதவலு' என்ற தொடராயினும், உழைப்பவரிடத்தே ஒரு சக்தி உண்டென்பதையும் அச்சக்தியே வாங்கப்படுகின்றது என்பதையும் மறைக்கவில்லை. வலுவிலிருந்து வளத்துக்குப் பெயர்ந்தமை வெறும் மொழிபெயர்ப்பு மாற்றமன்று. உழைப்புச் சக்தியின் கொள்வனவு என்ற உண்மை அப்பெயர்வில் இயற்கையின் கொடையாக உருமாறிவிடுகின்றது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது 'தொண்டு'. பக்தி மரபில் இறைவனுக்கும் அடியார்க்கும் ஆற்றுவதாக இருந்த தொண்டு, நவீன காலத்திற் பொதுப்பணி அமைப்புக்களின் பெயரில் வந்தமர்ந்தது. தொண்டு கூலியை எதிர்பார்ப்பதில்லை; எதிர்பார்ப்பின் அது தொண்டாகாது. எனவே தொண்டர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்பவர் தமது சம்பளத்தைப் பற்றி வாய்திறப்பது ஒருவகை ஒழுக்கக் குறைபாடாகத் தோன்றுகின்றது. 1958இல் தொடங்கிய சர்வோதய இயக்கம் நாடெங்கும் பரப்பிய 'சிரமதானம்' என்ற சொல்லும் உழைப்பைக் கொடையாகவே கண்டது. ஊரார் கூடி ஒரு நாளில் ஒரு வீதியை அமைக்கும்போது அச்சொல் பொருத்தமானது, அழகானதுங்கூட. ஆனால் மாதம் முப்பது நாளும் வெளிக்களத்தில் அலையும் ஒருவரின் வாழ்வுக்கு அது பொருந்துவதில்லை.

மூன்றாவது சொல் 'ஊழியம்'. ஒல்லாந்தர் ஆட்சியின்போது யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்பது குறிப்பிட்ட சில சமூகப் பிரிவினர் அரசுக்குக் கூலியின்றிச் செய்யவேண்டியிருந்த கட்டாய உழைப்பின் பெயர். பின்னர் கிறித்தவத் தமிழில் அது இறைபணியைக் குறித்தது. இன்று தொழிற் சட்டங்களின் தமிழில் 'ஊழியர்' என்பார் சம்பளமும் சேமலாப நிதியும் பெறும் உரிமையுடையவர். கட்டாய உழைப்பாளி, இறைபணியாளர், உரிமையுள்ள தொழிலாளி ஆகிய மூவரையும் ஒரு சொல்லே அடுத்தடுத்துக் குறித்து வந்துள்ளது. சிறு நிறுவனங்களில் இன்று பணிபுரிவோரிடத்து இம்மூன்று பொருள்களும் ஒருங்கே உறைகின்றன என்பதை மனங்கொள்ளுதல் தகும். நியமனக் கடிதத்தில் அவர் ஊழியர்; ஆண்டுவிழா மேடையில் அவர் தொண்டர்; திட்ட விண்ணப்பத்தில் அவர் வளம்.

3

எமது கலை இலக்கிய உலகம் இப்பிரச்சினையை நெடுங்காலமாக அறியும். சஞ்சிகைகளும், நாடகக் குழுக்களும், வாசிகசாலைகளும் சிறு இலாபநோக்கற்ற நிறுவனங்களே. 1943இல் யாழ்ப்பாணத்தில் அமைந்த மறுமலர்ச்சிச் சங்கம் எழுத்தாளர் பலரின் கூட்டு முயற்சி. அதன் சார்பில் 'மறுமலர்ச்சி' இதழ் 1946 முதல் 1948 வரை வெளிவந்தது. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை'யோ 2012 வரை, ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள் நிலைத்தது. அதன் ஆசிரியரே வெளியீட்டாளர். அவரே இதழைக் கையிற் சுமந்து சென்ற விற்பனையாளர்.

இவ்விரண்டையும் ஒப்புநோக்கித் தனிமனித அர்ப்பணிப்பே நிலைபேற்றைத் தரும் என்று முடிவுகட்டுவோர் உளர். அம்முடிவு மேலோட்டமானது. ஒருவர் தம் வாழ்நாளையே முதலாக இட்டதனால் ஓர் இதழ் நிலைத்தது எனின், அவர் ஓய்ந்ததும் இதழும் ஓயும் என்பது அதே கூற்றின் மறுபாதியாகும். கூட்டு என்பதனாலேயே நிலைபேறு வந்துவிடாது. அர்ப்பணிப்பு என்பதனாலேயே அது தொடர்ந்துவிடாது. உழைப்பவரின் வயிற்றுக்கும் முதுமைக்கும் ஏற்பாடு செய்யாத எந்த அமைப்பும் யாரோ ஒருவரின் உடலை எரித்தே விளக்கேற்றுகின்றது.

கூடி உழைப்பதால் விளையும் பயனுக்கும் எம்மிடையே சான்றுண்டு. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் முதலானோரின் முயற்சியால் யாழ்ப்பாணத்தில் தோன்றிய நாடக அரங்கக் கல்லூரி, வெவ்வேறு குழுக்களில் இயங்கிவந்தோரை ஒரு பயிற்சிக் களத்தில் ஒன்றுசேர்த்தது. தனித்தனிக் குழுக்களால் இயலாத ஒழுங்கான அரங்கப் பயிற்சி அவ்வாறே இயல்வதாயிற்று. ஒத்துழைப்பிலே பிறக்கும் மேலதிகச் சக்தி தனித்தனி உழைப்புக்களின் கூட்டுத்தொகையிலும் பெரிது என்று 'மூலதனம்' முதற்பாகத்தில் (1867) மார்க்ஸ் விளக்கினார். அச்சக்திக்கு மூலதனம் எதுவும் கொடுப்பதில்லை என்பதையும் அவர் அங்கே சுட்டினார். ஆளணிப் பகிர்வினை நோக்கும்போதும் இதே வினாவைத் தொடுத்தல் வேண்டும்: பகிர்வினால் மிச்சமாகும் பணமும் நேரமும் எவரைச் சென்றடைகின்றன? நிர்வாகச் செலவு குறைந்தது என்று உதவி வழங்குவோரின் ஏட்டிற் பதியப்படுகின்றனவா, அன்றி உழைத்தோரின் கணக்கில் வைப்பிலிடப்படுகின்றனவா?

4

இவ்விடத்திலே சட்டத்தின் எண்களை நோக்குதல் அவசியமாகின்றது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஊழியர் தம் சம்பளத்தில் 8 சதவீதத்தையும் தொழில்தருநர் 12 சதவீதத்தையும் செலுத்துதல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 சதவீதம் செலுத்துவார். ஆயின் பத்துப் பேருக்குக் குறைந்த ஊழியரைக் கொண்ட தரும நிறுவனங்கள் சேமலாப நிதிச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், ஐந்து ஆண்டு தொடர்ச்சியாகச் சேவையாற்றிய மாதச் சம்பள ஊழியருக்கு ஒவ்வோராண்டுக்கும் அரைமாதச் சம்பளத்தை உரித்தாக்குகின்றது. அக்கடப்பாடும் பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கமர்த்திய தொழில்தருநருக்கே உரியது. காரணமின்றி வேலைநீக்குவதைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் பதினைந்து என்ற அதே எண்ணையே எல்லையாகக் கொண்டுள்ளது.

பத்தும் பதினைந்தும் ஆகிய இவ்வெண்கள் சிறு தொழில்தருநரின் சுமையைக் குறைக்கும் நோக்குடையன எனலாம். விளைவோ வேறு. நான்கு ஊழியரைக் கொண்ட ஐந்து நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். இருபது பேர் உழைக்கின்றனர். ஆனால் சட்டத்தின் கண்ணில் எந்த இடத்திலும் நால்வருக்கு மேல் இல்லை. ஐந்தும் ஒரே மாவட்டத்தில், ஒரே வகையான பணியை, பல சமயங்களில் ஒரே நிதியூற்றிலிருந்து பெற்ற பணத்தில் ஆற்றுவனவாகவும் இருக்கலாம். 'சிறியது' என்ற அடைமொழி மக்களுக்கு அணுக்கமானது, எளிமையானது என்ற நற்பொருளிலேயே வழங்குகின்றது. தொழிற் சட்டத்தின் முன்னிலையில் அதன் பொருள் ஊழியரின் உரிமையின்மையாகும்.

இந்நிறுவனங்கள் ஆளணி அலுவலர் ஒருவரை மட்டும் பகிர்ந்துகொள்ளுமாயின் யாது நிகழும்? அவர் ஐந்து எசமானருக்குப் பணிபுரிவார். ஒவ்வோரிடத்திலும் ஐந்திலொரு பங்கு ஊழியராகவே கணிக்கப்படுவார். ஏனைய இருபது பேரின் கோவைகளும் ஒழுங்காகும். நியமனக் கடிதங்கள் திருத்தமாக எழுதப்படும். அவர்தம் உரிமைகளின் அளவோ இருந்தபடியே இருக்கும். ஊழியர் ஒருவர் தம் நிறுவனத் தலைவர்மீது முறைப்பாடு செய்யின், அத்தலைவரிடமே ஐந்திலொரு பங்கு சம்பளம் பெறும் அலுவலர் எவர் பக்கம் நிற்பார் என்பதும் சிந்திக்கத்தக்கது. உரிமையின்மை செவ்வனே ஆவணப்படுத்தப்படும் என்பதற்கு மேல் இத்தகைய பகிர்வினாற் பெரும்பயன் இல்லை.

5

வளம் என்ற சொல்லின் முழுப்பொருளையும் எமக்கு உணர்த்திய காலம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை அடுத்த காலமாகும். வடக்கு கிழக்குக் கரையோரத்திலும் தெற்கிலும் சர்வதேச நிறுவனங்கள் பெருந்தொகையாக வந்திறங்கின. உள்ளூர் மொழியும் ஊரும் அறிந்த ஊழியரை அவை தேடின. அத்தகையோர் உள்ளூர்ச் சிறு நிறுவனங்களிலேயே இருந்தனர். கூடிய சம்பளங் கொடுத்து அவர்களை ஈர்த்துக்கொண்டமையால் உள்ளூர் அமைப்புக்கள் வலுவிழந்தன என்பதை, நிவாரணப் பணிகளை மதிப்பிட்ட சர்வதேசக் கூட்டமைப்பின் ஆய்வுகளும் 2006இற் பதிவுசெய்தன.

ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின், 2015இல், சர்வதேச நிறுவனங்கள் சில 'மாற்றத்துக்கான சாசனம்' என்ற உடன்பாட்டை வெளியிட்டன. அனர்த்தம் நிகழ்ந்து ஆறு மாதங்களுக்குள் உள்ளூர் நிறுவனத்தின் ஊழியரை அமர்த்திக்கொள்ளின், அந்நிறுவனத்துக்கு நியாயமான ஈடு வழங்குதல் வேண்டும் என்பது அதன் கடப்பாடுகளில் ஒன்று. அவ்வூழியரின் முதல் ஆறு மாதச் சம்பளத்தில் 10 சதவீதம் என்பதை அது உதாரணமாக முன்வைத்தது.

இதன் நன்னோக்கை நாம் மறுக்கவில்லை. உள்ளூர் அமைப்புக்கு நேர்ந்த இழப்பை ஒப்புக்கொண்டமையே ஒரு முன்னேற்றந்தான். எனினும் கணக்கைப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபா புதுச் சம்பளம் பெறும் ஊழியருக்காக அவரது பழைய நிறுவனம் 24,000 ரூபாவைப் பெறும். அந்நிறுவனத்தில் அவர் நான்காண்டுகள் உழைத்திருந்தாராயின் பணிக்கொடைச் சட்டத்தின் வழி அவர் பெறுவது ஏதுமில்லை. கைமாறும் வளத்துக்கு விலையுண்டு. அது வளத்தின் பழைய உரிமையாளரைச் சேரும். உழைத்தவர் அக்கணக்கில் ஒரு தரப்பாகத் தோன்றுவதேயில்லை.

6

தொழில்தருநர் பொறுப்பைப் பொதுமைப்படுத்தும் முயற்சி எமது நாட்டுக்குப் புதியதன்று. 1970களின் தொடக்கத்தில் கூட்டுறவுத்துறை மறுசீரமைக்கப்பட்டபோது ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சிறு சங்கங்கள் நானூறுக்கும் குறைந்த பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக இணைக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தினால் கூட்டுறவு ஊழியர் ஆணைக்குழு நிறுவப்பட்டது. ஆட்சேர்ப்பு, சம்பளம், ஒழுக்காற்று நடவடிக்கை முதலிய விடயங்களுக்குச் சங்கங்கள் அனைத்துக்கும் பொதுவான நியமங்கள் இதனால் ஏற்பட்டன. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின்னர் கூட்டுறவு மாகாணங்களுக்குரிய விடயமாயிற்று.

இம்முயற்சியிலிருந்து இரு பாடங்களைப் பெறலாம். ஊர்ச் சங்கத் தலைவரின் விருப்பு வெறுப்பிலிருந்து விற்பனையாளருக்கும் எழுதுவினைஞருக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்படுவதற்கு, நிறுவனத்துக்கு வெளியே நிற்கும் ஒரு பொது அதிகாரம் வேண்டும் என்பது ஒன்று. அப்பொது அதிகாரம் மேலிருந்து அரசினால் ஆக்கப்பட்டதாயின் அங்கத்தவர் தம் சங்கத்தைத் தமது என்று உணரும் நிலை தளரும் என்பது மற்றொன்று. பொதுமையும் வேண்டும், அது கீழிருந்து கட்டப்படுதலும் வேண்டும்.

கீழிருந்து கட்டுவதற்குப் பிரான்சு ஒரு சட்ட வடிவத்தைத் தந்துள்ளது. 1985 யூலை 25ஆந் திகதிச் சட்டத்தின்படி அங்கே தொழில்தருநர் பலர் சேர்ந்து சங்கம் ஒன்றை அமைத்து, அச்சங்கத்தையே தொழில்தருநராகக் கொள்ளலாம். ஊழியருக்கு ஒரே ஒப்பந்தம். அவர் வாரத்தில் இருநாள் ஓரிடத்திலும் மூன்று நாள் வேறிடத்திலும் வேலை செய்யலாம். முக்கியமானது யாதெனில், சம்பளத்துக்கும் சமூகப் பாதுகாப்புக் கட்டணங்களுக்கும் அங்கத்தவர் யாவரும் கூட்டாகப் பொறுப்பேற்கின்றனர். ஒரு நிறுவனம் நொடித்தால் அதன் பங்கு ஏனையோரின் கடனாகும். உழைப்பைப் பகிர்வோர் பொறுப்பையும் பகிர்ந்தேயாக வேண்டும் என்ற நியதி அங்கே சட்டமாகியுள்ளது.

7

எமது சூழலுக்கு இதனைப் பொருத்துவதற்கு ஏற்ற சொல்லும் வடிவமும் எம்மிடமே உள்ளன. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் தம்முட் கூடி அமைக்கும் மேலமைப்பை நாம் 'சமாசம்' என அழைக்கின்றோம். அவ்வாறே ஒரு பிரதேசத்தின் சிறு நிறுவனங்கள் தமக்கென ஓர் ஊழியர் சமாசத்தை அமைக்கலாம். மேலே கூறிய இருபது பேரும் சமாசத்தின் ஊழியராகும்போது பத்து, பதினைந்து என்ற எல்லைகள் இரண்டும் கடக்கப்படுகின்றன. திட்டம் முடிவடைந்து ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒருவர் மாறினும் அவரது சேவைக்காலம் அறுவதில்லை. மாதச் சம்பளம் 40,000 ரூபாவாயின் ஐந்தாண்டு முடிவில் அவருக்குரிய பணிக்கொடை 100,000 ரூபா. முன்னர் அது பூச்சியம்.

இரு ஆட்சேபங்களை எதிர்நோக்குதல் வேண்டும். செலவு கூடும் என்பது முதலாவது. அது உண்மையே. 40,000 ரூபா சம்பளத்துக்கு இரு நிதிகளுக்குமாகத் தொழில்தருநர் செலுத்தவேண்டியது மாதம் 6,000 ரூபா. பணிக்கொடைக்காக ஒதுக்கவேண்டியது ஏறத்தாழ 1,667 ரூபா. இதுவரை இச்செலவு இருக்கவில்லை என்பது பிழை. அது ஊழியரின் முதுமையிலிருந்து அறவிடப்பட்டு வந்தது. இனி அது திட்ட விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுதப்படல் வேண்டும். தனியொரு நிறுவனம் அதனை எழுதத் துணியாது. நிதி கைநழுவிவிடும் என அஞ்சும். ஐந்தும் ஒருங்கே எழுதும்போது அச்சத்தின் வலு குறையும். பகிர்வின் அரசியற் பயன் இதுவேயாகும்.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. பொதுத் தொழில்தருநர் என்ற வடிவம் மனிதவலு முகவர் நிறுவனமாகத் திரிபடையலாம் அல்லவா? உழைப்பவரை ஒரு நிறுவனம் பதிவுசெய்து, வேறொன்று வேலை வாங்கி, இரண்டுமே பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் முறையைத் தனியார் துறை நன்கறியும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு உள்ளமைப்பிலேயே உள்ளது. முகவர் நிறுவனம் பொறுப்பைத் துண்டாடுகின்றது. சமாசம் பொறுப்பைக் கூட்டுகின்றது. இவ்வேறுபாடு நல்லெண்ணத்தினால் மட்டும் காக்கப்படாது. அங்கத்துவ நிறுவனங்களின் கூட்டுப் பொறுப்பு யாப்பில் எழுதப்படல் வேண்டும். நிருவாக சபையில் ஊழியர் தாம் தெரிந்த பிரதிநிதிகளைக் கொண்டிருத்தல் வேண்டும். முறைப்பாட்டை விசாரிப்போர் முறைப்பாட்டுக்கு ஆளான நிறுவனத்திடம் சம்பளம் பெறாதோராய் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத சமாசம் பெயரளவிலேயே சமாசமாகும்.

சஞ்சிகைக்கும் நாடகக் குழுவுக்கும் வாசிகசாலைக்கும் இது புறம்பானதன்று. ஒப்புநோக்குபவரையும், கணக்கெழுதுபவரையும், நூலகரையும் பொதுவாக அமர்த்தி, அவர்தம் சம்பளத்துக்கும் சேமலாபத்துக்கும் கூட்டாகப் பொறுப்பேற்கும் இலக்கிய நிறுவனங்களே தனிமனிதரின் ஆயுளைக் கடந்து வாழத் தகுதி பெறும். தியாகத்தைப் பாராட்டி விழா எடுப்பதில் நாம் என்றும் குறைவைத்ததில்லை. தியாகம் தேவைப்படாத ஒழுங்கினை அமைப்பதிலேயே பின்தங்கியுள்ளோம்.

மனிதர் வளமல்லர். தொண்டு என்ற பெயரால் அவர்தம் கூலியை மறைப்பதும், வளம் என்ற பெயரால் அவரையே மறைப்பதும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்களே. ஊழியம் என்ற சொல் ஒல்லாந்தர் காலக் கட்டாயத்திலிருந்து இன்றைய உரிமை வரை நடந்து வந்திருக்கின்றது. அவ்வுரிமை பத்துப் பேரும் பதினைந்து பேரும் வேலை செய்யும் இடங்களின் வாசலோடு நின்றுவிடாது, நால்வர் வேலை செய்யும் அறைக்குள்ளும் புகவேண்டுமாயின், சிறு நிறுவனங்கள் தம் ஊழியரைப் பகிர்வதற்கு முன்னர் தம் கடமையைப் பகிரக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும் என்பதே எமது துணிபாகும்.